இதை எழுதியது நீதானா?

எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு கதவு சாத்தப்படாமல் கிடந்தது. பின்லாந்தில், தம்பெரே நகரத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நானும் என் கணவரும் வசிக்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் அடித்தளத்தில் கம்பிவலை அடைத்த ஒரு சின்ன அறை உண்டு. பனிச்சறுக்குக் கட்டைகள், வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் தொட்டில், கோடைக்கால மிதிவண்டி எல்லாம் அங்கேதான் கிடக்கும். கதவு திறந்திருந்தால் தெருவில் போகிற யாரும் உள்ளே நுழையலாம். ஆகவே குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி எழுதினேன். வேற்றுமை உருபுகளைச் சரிபார்த்து, முற்றுப்புள்ளி வைத்து, கடைசியில் என் பெயரையும் போட்டு எழுதினேன். அடித்தளக் கதவு பூட்டிக்கொள்ளவில்லை, பூட்டு பழுதாகியிருக்கலாம், யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் செய்தி. முதல் பதில் வந்தது: "இது யார்?" அடுத்தது: "மோசடி மாதிரி இருக்கிறது. யாரும் எதையும் அழுத்திவிடாதீர்கள்." அதற்குக் கீழே ஒருவர் இயந்திர மனிதனின் படம் ஒன்றைப் போட்டிருந்தார். என் செய்தியில் அழுத்துவதற்கு எதுவுமே இல்லை. அந்தக் கட்டடத்தில் அவர்களோடு பல வருடங்களாக ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறவள் நான்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பின்னிஷ் மொழிக்கும் நம் தமிழைப் போலவே இரண்டு உடம்பு. 'நான் இருக்கிறேன்' என்பதற்கு எழுத்தில் 'மினா ஒலென்'. பேச்சில் அது 'மா ஓன்' என்று சுருங்கிவிடும். வகுப்பில் எங்களுக்குக் கற்றுத்தந்தது முதலாவது. சான்றிதழை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் ஒருவரும் அதைப் பேசவில்லை. அது எனக்கு அதிர்ச்சியாக இல்லை. நம் ஊரிலும் யாரும் செய்தித்தாள் தமிழில் மீன் வாங்குவதில்லையே. ஆனால் இவர்கள் பேசுகிறபடியேதான் எழுதவும் செய்கிறார்கள். இணையத்தில், குழுக்களில், வாகனம் நிறுத்தும் இடத்துக்காகப் போடும் சண்டையில்கூட, பாதிச் சொல்லை விழுங்கித்தான் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால்தான் நெருக்கம். முழுச் சொல்லையும் எழுதுகிறவர் ஒன்று வக்கீலாக இருக்க வேண்டும், அல்லது கோபமாக இருக்க வேண்டும். இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் மோசடிக்காரர்களை அவர்களுடைய தப்பும் தவறுமான மொழியே காட்டிக்கொடுத்துவிடுமாம். இயந்திரங்கள் நன்றாக எழுதப் பழகியபிறகு, பிழையில்லாத வாக்கியத்தைக் கண்டால்தான் பயப்படுகிறார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் உடன் வேலை பார்க்கும் பெண் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழுவை நடத்துபவர் எர்க்கி. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், எங்களுக்குக் கீழ்மாடி. மறுநாள் மின்தூக்கியில் அவரும் நானும் மட்டும். பொதுச் சலவை அறையிலிருந்து வருகிறேன், இடுப்பில் துணிக்கூடை. அவர் என்னைப் பார்த்து, "கொனேல்லாக்கோ?" என்றார். கொனே என்றால் இயந்திரம். இயந்திரத்தில்தானா என்று கேட்கிறார். இவர்கள் மின்தூக்கியில் தாங்களாகப் பேசுவது அபூர்வம். பேசினாரே என்ற சந்தோஷத்தில் நானும் விரிவாகவே பதில் சொன்னேன்: "ஆமாம், இயந்திரத்தில்தான். எப்போதும் அப்படித்தான். கையால் செய்ய எங்கே நேரம்?" அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "நினைத்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று மாலை குழுவில் எழுதியிருந்தார்: "கேட்டுவிட்டேன். இயந்திரம்தான் எழுதியதாம். ஆனால் கதவு விஷயம் உண்மை, நான் போய்ப் பார்த்தேன்." அதைப் படித்து, என் துணிக்கூடையை நினைத்துப் பார்த்து, என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுநேரம் ஆயிற்று. திருத்தி எழுத உட்கார்ந்தேன். எழுதினால் அதையும் இயந்திரம்தான் எழுதியது என்பார்கள். விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் அதே வாரங்களில் நானும் இன்னொருத்தியின் எழுத்தை இப்படித்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். அவள் என் தங்கை ஜோதி.

எங்களுக்குத் திருவாடானைப் பக்கம். அய்யாவுக்கு நெல்லும் மிளகாயும்தான். நான் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தேன். எனக்குப் பல வருடம் பின்னால் பிறந்த ஜோதியை, அப்போது புதிதாகத் திறந்திருந்த ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கிருந்து அவள் கொண்டுவந்தது முழுசான ஆங்கிலமும் இல்லை, முழுசான தமிழும் இல்லை. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள், எழுதச் சொன்னால் தடுமாறுவாள். கைபேசி வந்ததும் அவளுக்கு விடுதலை. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தள்ளினாள். அக்காவை 'எக்கா' என்றுதான் எழுதுவாள், பேசுவதும் அப்படியே. பி, ஏ, எல், ஏ, எம் என்று அவள் அடித்தால் அது பழமா, பலமா, பாலமா என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவளுக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள், "அவர் எனக்குப் பாலம் வாங்கிட்டு வந்தார்" என்று படித்துவிட்டு, இங்கே பேருந்தில் தனியாகச் சிரித்தேன், நாலுபேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய செய்தியில் எழுத்துப்பிழை என்று ஒன்று கிடையாது. எல்லாமே பிழைதான். ஆனால் அவள் குரல் அதில் அப்படியே இருக்கும்.

அவளை மாரியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை முனீஸ், சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்திருக்கிறார். கரையிலிருந்து மீன் ஏற்றி ராமநாதபுரம் கொண்டுபோய் இறக்குவது தொழில். அதிகம் பேசாதவர். கல்யாணத்தில் நான் அவரோடு பேசியதை எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கூட நிறையாது. பேசாத மனிதர்களைப் பற்றி நாம் நம் இஷ்டத்துக்கு எதையும் நினைத்துக்கொள்ளலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இந்தக் கோடை முடிகிற சமயம் ஜோதியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தமிழ் எழுத்தில். "அக்கா, நலமாக இருக்கிறாயா? இங்கு அனைவரும் நலம். உன் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்." சந்திப்பிழைகூட இல்லை. நான் முதலில் அவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறினேன். பிறகு, இதை எழுதியது அவள் இல்லை என்று தோன்றியது. எக்கா எங்கே போனாள்? "சாப்டியா, குளுருதா, அங்கன வெயில் அடிக்குதா" எல்லாம் எங்கே போயிற்று? நான் பழையபடி ஆங்கில எழுத்தில் வம்புக்கு இழுத்து எழுதினேன். "மிகவும் மகிழ்ச்சி அக்கா. பிறகு எழுதுகிறேன்" என்று பதில் வந்தது. முதியோர் இல்லத்தில் நாங்கள் நிர்வாகத்துக்கு எழுதும் குறிப்புகூட இதைவிடச் சூடாக இருக்கும்.

என் சந்தேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி கல்யாணமாகிச் சென்னைக்குப் போனாள். அவளுக்கு நான் எழுதுவதும் அவள் பதில் போடுவதுமாக வருடக்கணக்கில் ஓடியது. ஒரு விசேஷ வீட்டில் அவளை நேரில் பார்த்தபோது, என் செய்திகளில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை என்று தெரிந்தது. கைபேசி புருஷன் கையில். என் சுகதுக்கம் எல்லாவற்றுக்கும் அந்த மனிதர்தான் "சரிடி", "அப்படியாடி" என்று பதில் போட்டிருக்கிறார். எந்தெந்த ரகசியங்களை எழுதினோம் என்று நினைத்து நினைத்து எனக்கு உடம்பு கூசியது. அன்றிலிருந்து, திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்ற கேள்வி என்னை விட்டுப் போனதில்லை.

ஜோதியை அழைத்தேன். முனீஸ்தான் எடுத்தார். "அவ தண்ணிக்குப் போயிருக்கா மதினி." அடுத்தமுறையும் அதே பதில். "எப்பப் பாத்தாலும் தண்ணிக்கா தம்பி?" என்று கேட்டேன். "இங்கன அப்படித்தான் மதினி" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் எனக்கு உறுத்தியது. ஒருநாள் வீடியோ அழைப்பில் ஜோதியே வந்தாள். முகம் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. "ஏன்டி, புதுசா இலக்கணத் தமிழ்ல எழுதுற?" என்றேன். அவள் சட்டென்று பக்கவாட்டில் பார்த்தாள். அங்கே முனீஸ் நிற்பது நிழலாகத் தெரிந்தது. "சும்மாத்தேன் எக்கா" என்றாள். அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கு இது போதும்போல் இருந்தது. ஆனாலும் கடைசியாக ஒரு சோதனை வைத்தேன். சின்ன வயதில் நாங்கள் வளர்த்த ஆட்டுக்கிடாய்க்கு நாங்கள் இருவர் மட்டும் ஒரு பெயர் வைத்திருந்தோம். அது முனீஸுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அந்தப் பெயர் என்ன என்று எழுதிக் கேட்டேன். பதில் இப்படி வந்தது: "அது எதற்கு இப்போது? வேலையாக இருக்கிறேன்."

நான் அய்யாவை அழைத்தேன்.

"ஒருதடவ போயிப் பாத்துட்டு வாங்க அய்யா. சொல்லிட்டுப் போகாதீங்க."

"சொல்லாமக் கொள்ளாம மருமகன் வீட்டு வாசல்ல போயி நிக்கிறதா? என்னத்தா பேசுற?"

"அவ போன அவ கையில இல்ல அய்யா. அவ எழுதுறது மாதிரி வேற யாரோ எழுதுறாக. எனக்குப் பயமா இருக்கு."

அய்யா, "ஒனக்கு அம்புட்டுத் தொலவுல இருந்து தெரியிதா?" என்றார். அதை அவர் கேலியாகக் கேட்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவளுக்கு ஏதோ கூடுதலாகத் தெரியும் என்று அவர் நம்பினார். மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டார்.

அங்கே என்ன நடந்தது என்பதை அன்று மாலை ஜோதி அழைத்துச் சொன்னாள். சொன்னாள் என்பது சரியில்லை. கத்தினாள்.

"எக்கா, அய்யாவ நீயா அனுப்புன?"

"ஆமாடி. நீ நல்லா இருக்கியான்னு..."

"நான் தண்ணிக்குப் போயிட்டு வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தா, வாசல்ல தெருவே நிக்கிது. அய்யா அவரப் பாத்து, 'எம் மக போன எங்க வச்சிருக்க, அதுல எழுதுறது யாரு'ன்னு கேட்டுக்கிட்டு இருக்காரு. அவரு ஒத்த வார்த்த பேசல எக்கா. அவரு போனையும் எம் போனையும் எடுத்துத் தரையில வச்சிட்டு, வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இன்னம் வரல."

அவளே தொடர்ந்தாள். அப்போதுதான் எனக்கு முழுக்கதையும் தெரியவந்தது.

அவர்கள் தெருவுக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். குழாய் இருக்கிறது, தண்ணீர் வரவில்லை. நிலத்தடி நீர் உப்பு. பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அடுத்த ஊர் வரைக்கும் போகிறார்கள். ஊருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. உள்ளூரில் இருப்பவர்கள், மதுரை, சென்னை, வளைகுடா என்று போய்விட்டவர்கள் எல்லாரும் அதில் உண்டு. கோயில் கொடை, பந்தல், அரசியல் எல்லாம் அங்கே பேசுவார்கள். பெண்கள் உள்ளே இருந்தாலும் எழுதுவதில்லை. ஜோதி ஒருநாள் எழுதினாள். தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, யாரைப் பார்த்துக் கேட்பது என்று, அவளுக்குத் தெரிந்தபடி ஆங்கில எழுத்தில். மதுரையில் குடியேறிவிட்ட, அரசு வேலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் அதை வரிவரியாக எடுத்துப்போட்டுத் திருத்தினார். "தாய்மொழியில் நான்கு வரி எழுதத் தெரியாதவர்கள் ஊர்ப் பிரச்சினை பேச முன்வர வேண்டாம்" என்று முடித்தார். கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். அவள் எழுதிய சொற்களையே திருப்பித் திருப்பி எழுதி இளைஞர்கள் விளையாடினார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"அதுக்குத்தேன் எக்கா தமிழ்ல அடிக்கப் பழகுனேன். ஒவ்வொரு எழுத்தா. பேப்பரப் பாத்து, எப்பிடி எழுதுறாகன்னு பாத்து. ஒனக்கு எழுதித்தேன் பழகுனேன். நீ நல்லாப் படிச்சவ, தப்பு இருந்தாச் சொல்லுவியின்னு நெனச்சேன். ஒண்ணுமே சொல்லல, அப்பச் சரியாத்தேன் எழுதுறோம்னு..."

நான் குறுக்கிட்டேன்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லடி."

"எப்பிடிச் சொல்ல? சிரிச்சுட்டாகன்னா? நீயும் சிரிச்சிருவியோன்னு இருந்துச்சு."

"அந்த ஆட்டுக்கிடாயி பேரு கேட்டேனே..."

"மயில்ராசா. மறப்பனா? நீ கேக்கயில நான் மனு எழுதிக்கிட்டு இருந்தேன். எரிச்சல்ல அப்பிடிப் போட்டேன்."

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய அந்த மனுவை, அய்யா போனதற்கு முந்தின நாள்தான் அவள் குழுவில் போட்டிருக்கிறாள். நல்ல தமிழில், பிழையில்லாமல். அப்போதும் யாரும் தண்ணீரைப் பேசவில்லை. இதை எழுதிக் கொடுத்தது யார் என்று பேச ஆரம்பித்தார்கள். புருஷன் எழுதிக் கொடுத்தது என்றார் ஒருவர். எதிர்க்கட்சிக்காரன் பின்னால் இருக்கிறான் என்றார் இன்னொருவர். இப்போதெல்லாம் ஏஐயிடம் கேட்டால் தானே எழுதிக் கொடுக்கும் என்று ஒரு பையன் விளக்கினான். அந்தப் பேச்சு சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அய்யா போய் வாசலில் நின்று, "எம் மக போன்ல எழுதுறது யாரு" என்று கேட்டிருக்கிறார். தெருவில் இருந்த எவரோ அதைக் கேட்டுவிட்டுக் குழுவில் போட்டுவிட்டார்கள்: "பெத்த தகப்பனே வந்து இது யார் எழுதுறதுன்னு கேட்டுட்டுப் போறார். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

இந்த ஊரில் குளிர் என்பதை நான் சுவருக்கு வெளியே உள்ள ஒன்றாகத்தான் பழகியிருந்தேன். அன்று கைபேசியைப் பிடித்திருந்த கை உள்ளிருந்தே விறைத்தது.

முனீஸை அழைத்தேன், எடுக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி என்று நீளமாக எழுதி அனுப்பினேன். இரண்டு நாளுக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. பின்னால் வண்டியின் இரைச்சல். "மதினி, நீங்க எழுதுனத ஜோதிதேன் வாசிச்சுக் காட்டுனா. எனக்குத் தமிழ் வாசிக்க வரும், மெதுவா. எழுத வராது. நான் படிச்சது அஞ்சாப்பு வரைக்கும். ஒங்களுக்குச் சந்தேகம்னா எங்கிட்டயே கேட்டிருக்கலாம். மாமாவ வாசல்ல வச்சுப் பேசுற மாதிரி ஆகிப்போச்சு, அதேன் எனக்குச் சங்கடம். அவுக சாப்பிடாமப் போயிட்டாக." யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவரிடமிருந்து வந்தது எல்லாமே குரல்செய்திகள்தான். பொங்கல் வாழ்த்துக்கூட. யாருடைய எழுத்தை நான் இத்தனை நாள் துப்பறிந்தேனோ, அவர் எனக்கு ஒரு எழுத்துகூட எழுதியதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதோடு என் சந்தேகம் தீர்ந்து நான் தெளிந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அந்தக் குரல்செய்தியையே நான் மறுபடி மறுபடி கேட்டேன். ஜோதி பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்திருப்பாளோ, இல்லை இவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசுகிறாரோ என்று காது தேடியது. ஜோதியைக் கைபேசியோடு தனியாகக் கடற்கரைக்கு நடந்து போகச் சொல்லி, அங்கிருந்து பேசவைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "நான் நல்லாத்தேன் இருக்கேன் எக்கா. தண்ணி சொமக்குறதுலதேன் எளச்சிட்டேன். அன்னைக்கு அவரு பக்கத்துல நின்னது, 'எக்காகிட்டச் சொல்லு, மறைக்காத'ன்னு சொல்லத்தேன். நாந்தேன் வேணாம்னு கண்ணக் காட்டுனேன்" என்றாள். தூரத்தில் இருப்பவர்களுக்கு எழுத்து ஒன்றுதான் கதவு. அது ஒரு விரற்கடை அசைந்தாலும் திருடன் என்றுதான் மனம் நினைக்கிறது.

அடுத்து ஜோதி செய்ததை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. குழுவில் அவள் இன்னொன்று எழுதினாள். இந்தமுறை தமிழ் எழுத்தில், ஆனால் பேசுகிறபடி. எனக்கும் அதை அனுப்பியிருந்தாள்.

"நான் ஜோதி. நாந்தேன் எழுதுறேன். இங்கிலீசுல எழுதுனா தமிழ் தெரியலங்குறீக. நல்ல தமிழ்ல எழுதுனா நீ எழுதலங்குறீக. எங்க தெருவுல கொழாய் இருக்கு, தண்ணி இல்ல. ஊரு விட்டு ஊரு போயி எடுத்தாரோம். இதுல என்ன தப்பு இருந்தாலும் திருத்திக்கங்க. தண்ணி வரலங்கிறது மட்டும் தப்பில்ல."

மதுரைப் பெரியவர் விடவில்லை. "எடுத்தாரோம் என்பது கொச்சை. எடுத்து வருகிறோம் என்பதே சரி" என்று எழுதினார். வழக்கமாக இதற்குச் சிரிக்கிற முகங்கள் விழும். அன்று முதல்முறையாக வேறொரு பெண் எழுதினாள், அதே தெருக்காரி. "சரிங்கய்யா எடுத்து வருகிரொம். கொளாயில எப்ப வரும்." கேள்விக்குறிகூட இல்லை. அதற்குக் கீழே இன்னொருத்தி ஆங்கில எழுத்தில். அதற்குக் கீழே எழுதவே தெரியாத ஒரு அம்மா, காலிக் குடங்களின் படம் ஒன்றைப் போட்டார். மாலைக்குள் அந்தத் தெருவின் பெண்கள் பாதிப்பேர் வாய் திறந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தி எழுத்தும் ஒவ்வொரு விதமாக நொண்டியது. இதையெல்லாம் ஒரே ஆள் எழுதியது என்றோ, இயந்திரம் எழுதியது என்றோ சொல்ல எவராலும் முடியவில்லை.

இதனால் குழாயில் தண்ணீர் கொட்டிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வருகிறது. குழாய்க்காகப் பாதித் தெரு வரை தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மீதியை எப்போது தோண்டுவார்கள், தோண்டியதை எப்போது மூடுவார்கள் என்று ஜோதிக்கு நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் முனீஸ் தன் வண்டியை ஓரமாக நிறுத்திக்கொண்டு, குழுவில் வருவதையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாராம். அய்யா ஒரு வாரம் கழித்து மறுபடி பஸ் ஏறினார், இந்தமுறை சொல்லிவிட்டு. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "என்னத்தப் பேச? மீன் கொழம்பு நல்லாருந்துச்சுன்னேன்" என்றார்.

இங்கே நானும் ஒன்று செய்து பார்த்தேன். கட்டடத்தின் குழுவில், முதல்முறையாக இவர்கள் பேசுகிறபடி எழுதினேன். மா ஓன் என்று ஆரம்பித்து, பாதிச் சொல்லை விழுங்கி, முற்றுப்புள்ளியைக் கைவிட்டு. நான்காம் மாடியில் இருக்கிறேன், கதவைப் பற்றி எழுதியது நான்தான், எர்க்கி கேட்ட இயந்திரம் துணி துவைக்கும் இயந்திரம் என்று நினைத்துப் பதில் சொல்லிவிட்டேன் என்று எழுதினேன். உடனே வரிசையாக இதயங்கள். எர்க்கி விழுந்து விழுந்து சிரிக்கும் முகத்தைப் போட்டார். இரண்டாம் மாடி ரீத்தா எழுதினாள்: "எவ்வளவு அருமை! பின்னிஷ் கற்றுக்கொண்டிருக்கிறீர்களா? விடாதீர்கள்!" இன்னொருவர் எனக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்து ஆங்கிலத்திலேயே பதில் எழுதினார். நான் எந்த இடத்தில் சறுக்கினேன் என்று தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு சொல்லை விழுங்கக் கூடாத இடத்தில் விழுங்கியிருக்கிறேன் போலிருக்கிறது. இலக்கணத்தோடு எழுதினால் நான் இயந்திரம். இலக்கணத்தை விட்டால் மாணவி. அவர்கள் உடைத்தால் அது பேச்சு, நான் உடைத்தால் அது பிழை. மதுரைப் பெரியவரின் பேரப்பிள்ளைகளும் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் எழுதுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்களை யாரும் வரிவரியாகத் திருத்தியிருக்க மாட்டார்கள்.

இப்போது எர்க்கி மின்தூக்கியில் என்னைக் கண்டால் பேசுகிறார். மெதுவாக, முழுச் சொற்களாக, குழந்தையிடம் பேசுவதுபோல. நல்ல மனிதர். அவருடைய நல்ல மனசையும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் வேலை முடிந்து டிராம் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். பனி கொட்டத் தொடங்கியிருந்தது. ஜோதி தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள்: "எக்கா ஊருக்கு எப்ப." கையுறையைக் கழற்றிவிட்டு, 'வாரேன்' என்று அடித்தேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு வரப்போகிறவள் சொல்வதும் இதைத்தான், வாசலைத் தாண்டிப் போகிறவள் சொல்வதும் இதைத்தான். விமான நிலையத்துக்குக் கிளம்பிய அன்று கார்க் கதவைச் சாத்துவதற்கு முன் நான் அவளிடம் சொன்னதும் இந்த ஒரு சொல்தான். கைபேசி அதன் அடியில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, அப்படி ஒரு சொல் இல்லை, 'வருகிறேன்' என்று மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டது. நான் மாற்றவில்லை, அனுப்பிவிட்டேன். சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் டிராமுக்காக நின்றுகொண்டிருந்தேன்.